ஆதிச்சநல்லூர் பரம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் விடைகளும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையை ஒட்டி, கருங்குளம் அருகே இருக்கிறது ஆதிச்சநல்லூரின் ஈமக்காடு. அதைப் பற்றிப் பள்ளி ஆசிரியர்களும், சுற்று வட்டார விவசாயிகளும், வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

ஆதிச்சநல்லூர் பரம்பு என்று சொல்லப்படுவது எது?

தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் வட்டத்தில், தாமிரபரணியின் தென்கரையில் நீண்டு கிடக்கும் சரளைமேடு அது. அதன் பரப்பு ஏறத்தாழ 114 ஏக்கர். ஊர்க்காரர்கள் பரம்பு என்பார்கள். தாழிக்காடு என்று சொல்வோரும் உண்டு. மனிதர் மண்ணைக் குவித்து எழுப்பிய மேடு அன்று இது. ஆற்று வெள்ளம் ஏறாத இயற்கையான மேட்டு நிலத்தைப் பல தலைமுறையினர் தங்கள் இறந்தோருக்கென ஒதுக்கி, பெரிய மண்தாழிகளில் அவர்களை அடக்கம் செய்து வந்தார்கள். ஆற்றங்கரை நஞ்சையைப் பயிருக்கு வைத்துக்கொண்டு, ஏர் இறங்காத சரளை நிலத்தை இறந்தோருக்கு விட்டார்கள் என்பது ஊகம்தான் என்றாலும், இடத்தை நேரில் பார்க்கிற எவருக்கும் அந்த எண்ணம் இயல்பாகவே எழும்.

தமிழகத்தின் பல பெருங்கற்கால இடங்களில் கல்வட்டமோ கல்திட்டையோ தரைக்கு மேலே நின்று, கீழே ஈமச்சின்னம் இருப்பதை அறிவித்துவிடும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. மேலே பார்த்தால் சரளை, முள்செடி, பனை, அவ்வளவுதான். சாலை போட மண் எடுக்க வந்தவர்களுக்கு இது ஒரு வெற்று மேடாகத் தெரிந்ததற்கும், அதனால் பல தாழிகள் கடப்பாரைக்கு இரையானதற்கும் இதுவே காரணம்.

தாழிகள் எப்படி இருக்கும்? எப்படிப் புதைத்திருக்கிறார்கள்?

ஏறக்குறைய மூன்றடி உயரம், அகன்ற வாய், தடித்த விளிம்பு, கீழே போகப் போகக் குவிந்து முடியும் அடி. கையால் தொட்டால் சொரசொரப்பாக இருக்கும் முரட்டுச் சிவப்பு மண்பாண்டம். மேட்டின் நடுப்பகுதியில் சுமார் மூன்றடி ஆழத்துக்குச் சரளை இருக்கிறது. அதற்குக் கீழே சிதைந்த வெண்கற்பாறை. அந்தப் பாறையையே ஒவ்வொரு தாழிக்கும் தனித்தனிக் குழியாகக் குடைந்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே மெல்லிய பாறைத் தடுப்பை விட்டிருக்கிறார்கள். இரும்பு உளியும் கடப்பாரையும் உள்ள கைகளாலேயே செய்யக்கூடிய வேலை அது. ஒரு நாளில் முடிகிற வேலையும் அன்று.

சில தாழிகளில் உடலைக் குத்துக்காலிட்டு உட்கார்ந்த நிலையில் இருத்தியிருக்கிறார்கள். வேறு சிலவற்றில், உடல் வேறோரிடத்தில் மட்கிய பிறகு எஞ்சிய எலும்புகளைச் சேகரித்து வைத்திருக்கிறார்கள். உள்ளேயும் வெளியேயும் சிறு கலயங்கள், கிண்ணங்கள், பிரிமனைகள். சில கலயங்களில் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்தன. வாள், ஈட்டி போன்ற இரும்புக் கருவிகள் தாழியைச் சுற்றிலும் முனை கீழே பார்த்தபடி கிடந்ததை, நூறாண்டுகளுக்கு முன் இங்கே அகழ்ந்த தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரே குறித்திருக்கிறார். அடக்கம் செய்ய வந்தவர்கள் அவற்றை மண்ணில் குத்தி நட்டிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

வயது முதிர்ந்தவர்களை உயிரோடு தாழியில் வைத்துப் புதைத்தார்கள் என்கிறார்களே?

அதற்கு எந்தச் சான்றும் கிடையாது. வயதாகிச் சுருங்கியும் உயிர் பிரியாதவர்களைத் தாழிக்குள் இருத்தி, அகல் விளக்கும் கொஞ்சம் சோறும் வைத்து மூடிவிடுவார்கள் என்ற கதையை நம்மில் பலரும் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருப்போம். மண்ணில் கிடைப்பது வேறு. எலும்புகளை மட்டும் பொறுக்கி வைத்த தாழிகள் ஏராளம். உயிரோடு வைத்த உடல் அப்படிக் கிடைக்காது. கீழடியை ஒட்டிய கொந்தகை ஈமக்காட்டில் குழந்தையின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது. கூடவே வைத்த உணவும் அணிகலனும் ஆயுதமும் இறந்தவரைப் பிரிய மனமில்லாதவர்கள் செய்த ஏற்பாடாகவே தெரிகின்றன. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது, கதை என்று சேர்த்துச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இதுவரை யார் யார் அகழ்ந்தார்கள்?

முதலில் வந்தவர் பெர்லினைச் சேர்ந்த ஃபெடோர் யாகோர், ஆண்டு 1876. பானைகள், இரும்புக் கருவிகள், எலும்புகள், மண்டையோடுகள் எனப் பெருந்தொகையான பொருள்களை அவர் பெர்லின் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை, தொல்லியல் துறையின் தென்வட்டக் கண்காணிப்பாளராக இருந்த அலெக்சாண்டர் ரே பல இடங்களில் அகழ்ந்தார். தென்னிந்தியாவில், ஒருவேளை இந்தியா முழுவதிலுமே, அதுவரை தெரிந்த வரலாற்றுக்கு முந்தைய இடங்களில் இதுவே மிகப் பரந்தது என்று அவர் எழுதினார். இடையில், 1903–04 வாக்கில், பாரிசிலிருந்து வந்த லூயி லாப்பிக்கும் அகழ்ந்து ஒரு பகுதிப் பொருள்களை எடுத்துச் சென்றார். ரே எடுத்த பொருள்களின் பட்டியல் 1915இல் நூலாக வெளிவந்தது. அப்பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அதன்பின் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் இடைவெளி. 2004, 2005ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை தி. சத்தியமூர்த்தி தலைமையில் அகழ்ந்தபோது, சுமார் 600 சதுர மீட்டர் பரப்பில் மட்டும் 150க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அந்த அகழாய்வின் அறிக்கைக்காகத் தமிழ்நாடு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்கும் போயிற்று. அகழ்ந்துவிட்டு அறிக்கை தராமல் இருப்பது, அகழாமல் விடுவதைவிடப் பெரிய இழப்பு என்பதை இந்தக் காத்திருப்பு எல்லோருக்கும் உணர்த்தியிருக்க வேண்டும். 2020இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும், 2021 முதல் மீண்டும் இந்தியத் தொல்லியல் துறையும் இங்கே பணி செய்தன.

என்னென்ன கிடைத்தன?

பொன், வெண்கலம், இரும்பு, மண் ஆகிய நான்கிலும் கிடைத்தன. பொன்னில் முக்கியமானவை நெற்றிப் பட்டங்கள்: நீள்வட்டமாக வெட்டிய மெல்லிய தகடு, கட்டுவதற்கு இரு முனைகளிலும் துளை, சிலவற்றில் புள்ளிகளால் ஆன கோலம். 2022இல் நடந்த அகழாய்விலும் அத்தகைய ஒரு பட்டம் கிடைத்தது. வெண்கலக் கலங்களின் மூடியிலும் தாங்கியிலும் எருமை, ஆடு, சேவல், புலி, யானை உருவங்கள் உண்டு. இரும்பில் வாள், ஈட்டி, கோடரி என்று எண்ணிறந்தவை.

பார்வையாளர்களின் கண் பொன்னில் நிலைத்துவிடும். ஆனால் உலோகத் தொழில் அறிந்தவர்களை வியக்க வைப்பவை இங்குள்ள மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள். வழக்கமான வெண்கலத்தில் செம்போடு பத்து விழுக்காட்டளவு வெள்ளீயம் சேர்ப்பார்கள். இங்கே ஆராயப்பட்ட சில கலங்களில் அது 20 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த உலோகம் ஆறிய பின் தட்டினால் கண்ணாடிபோல் நொறுங்கிவிடும். செந்தழல் நிறத்தில் இருக்கும்போதே அடித்து அடித்து மெலிதாக்கி, அந்தச் சூட்டிலேயே நீரில் தோய்த்தால் மட்டுமே கலமாக நிற்கும். சூட்டைக் கண்ணால் மட்டும் அளந்து, கை நிதானத்தில் இதைச் செய்திருக்கிறார்கள்.

2004 அகழாய்வில் ஒரு தாழிக்குள் கிடைத்த ஓட்டுச்சில்லையும் சொல்லியாக வேண்டும். ஒல்லியாக உயர்ந்து நிற்கும் ஒரு பெண், பக்கத்தில் நெற்கதிர், கொக்கு, மான் ஆகியவை அந்தச் சில்லில் மண்ணால் ஒட்டி உருவாக்கப்பட்டுள்ளன. தாமிரபரணிக் கரையில் இன்று காலையில் நடந்துபோகிறவர் காணும் காட்சியின் பெரும்பகுதி அதில் இருக்கிறது.

இந்தத் தாழிகளை வைத்தவர்கள் எங்கே வாழ்ந்தார்கள்?

ஈமக்காட்டுக்கு அருகிலேயே வாழ்விடப் பகுதி இருந்ததற்கான தடயங்களும், பானை சுட்ட சூளையின் அடையாளங்களும் 2005இல் கிடைத்தன. ஆனால் வாழ்விடம் இன்னும் முழுமையாக அகழப்படவில்லை.

இதன் காலம் எவ்வளவு?

ஒற்றை எண்ணைச் சொல்லும்படி கேட்கிறார்கள். அப்படிச் சொல்வது சரியன்று. பல நூற்றாண்டுகள் தொடர்ந்து பயன்பட்ட ஈமக்காடு இது. 2004–05இல் எடுத்த கரி மாதிரிகளைப் பின்னர் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது, அவை கி.மு. முதல் ஆயிரத்தின் தொடக்க நூற்றாண்டுகளைக் காட்டின. பக்கத்தில் உள்ள சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை, சிவகளையின் இரும்பை கி.மு. நான்காம் ஆயிரம் வரை கொண்டுபோகிறது. அந்தக் கணிப்பு மேலும் பல இடங்களின் சான்றுகளோடு ஒப்பிடப்பட வேண்டும் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். பெருமிதத்துக்காக மிகப் பழைய எண்ணையும், ஐயத்துக்காக மிகப் புதிய எண்ணையும் பிடித்துக்கொள்ளாமல், எந்த மாதிரி எந்தத் தாழியில் எந்த அடுக்கில் கிடைத்தது என்று கேட்பதே பயனுள்ளது.

இவ்வளவு கிடைத்திருக்கும்போது, மீதியையும் தோண்டி எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டால் என்ன?

மிக அடிக்கடி வரும் கேள்வி இது, நல்லெண்ணத்தோடு கேட்கப்படுவதும்கூட. விடை சற்று நீளமாகத்தான் இருக்கும்.

தொல்லியலில் ஒரு பொருளின் மதிப்பில் பாதிக்கு மேல் அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்த ஆழம், எந்தத் தாழி, பக்கத்தில் எது, மேலே எந்த மண், கீழே எந்த மண் என்பவை பதிவாகாவிட்டால், வாள் வெறும் இரும்பாகவும் கிண்ணம் வெறும் வெண்கலமாகவும் ஆகிவிடும். ரேயின் காலத்தில் கரிமக் காலக்கணிப்பு கிடையாது. அது 1940களின் இறுதியில் வந்த முறை. ஆகவே தாழிக் கலயத்தில் உமியைப் பார்த்த அவர், அதைக் குறித்துவைத்தாரே தவிர, அந்த உமி ஒருநாள் தன் வயதைத் தானே சொல்லும் என்று எண்ணியிருக்க முடியாது. அதே போன்ற உமி, சிவகளையில் மண் கலையாமல் இருந்து நம் காலத்தில் வெளிப்பட்டதால், ஓர் ஆண்டெண்ணையே தந்தது. 1903இல் எடுத்ததற்கும் 2020இல் எடுத்ததற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இன்னொரு முறையையும் சொல்ல வேண்டும். மண்ணில் உள்ள படிகத் துகள்கள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தன என்பதை ஒளியுமிழ்வுக் கணிப்பால் அறியலாம். தாழியைச் சுற்றி நிரப்பிய மண்ணுக்கு இது மிகவும் உதவும். ஆனால் அந்த மண்ணை ஒருமுறை வெளியே அள்ளிப் போட்டு வெயில் பட்டுவிட்டால், அதுவரை சேர்ந்திருந்த கணக்கு அத்தனையும் அழிந்துவிடும். புதையல் தேடுபவன் தாழியை உடைக்காமலே குழி மட்டும் தோண்டினாலும் இழப்பு நேர்வது இதனால்தான்.

2004–05இல் அகழ்ந்த 600 சதுர மீட்டர் என்பது, 114 ஏக்கரில் எழுநூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்ற அகழாய்வுகளையும் சேர்த்தாலும் பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. அது அப்படியே இருப்பதில் நாம் பதற வேண்டியதில்லை. பழைய எலும்பிலிருந்து மரபணுவைப் பிரிப்பதும், பல்லின் வேதியியலிலிருந்து அந்த மனிதர் எந்த நிலத்து நீரைக் குடித்து வளர்ந்தார் என்று கணிப்பதும் இன்று நடக்கின்றன. முன்பு மண்டையோட்டை அளந்து இனம் பிரித்தார்கள். இன்றைய உயிரியல் மானிடவியல் அம்முறையை ஏற்பதில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து வருபவர்கள் நம் முறைகளிலும் குறை காண்பார்கள். அவர்களுக்குக் கலையாத மண் வேண்டும்.

பரம்புக்குச் சட்டப் பாதுகாப்பு எத்தகையது? பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர் என்ன செய்யலாம்?

1958ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச் சின்னங்கள் மற்றும் தொல்லியல் இடங்கள், எச்சங்கள் சட்டத்தின்கீழ் மத்திய அரசால் பாதுகாக்கப்படும் இடம் இது. பாதுகாக்கப்பட்ட பரப்புக்குள் கட்டடம் கட்டுவது, கல் உடைப்பது, சரளை அள்ளுவது, குழி தோண்டுவது ஆகியவை அனுமதியின்றிச் செய்யக்கூடாதவை. நிலம் தனியாருடையது என்றாலும் இந்தத் தடை பொருந்தும். பயிர் செய்வதைச் சட்டம் முழுவதும் தடுக்கவில்லை. மேல்மண்ணை ஓரடிக்கு மேல் கிளறாத சாகுபடிக்கு இடமளிக்கிறது. இது பல விவசாயிகளுக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் தேவையற்ற அச்சமும் மனத்தாங்கலும் குறையும்.

2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு வெளியே மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே உரிய அதிகாரியிடம் விண்ணப்பித்து, தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரை பெற்றுக் கட்டலாம். தடைசெய்யப்பட்ட பகுதியில் ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி கேட்கலாம். வீட்டு வேலை தொடங்கும் முன்பே எல்லையைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அத்திவாரம் போட்டபின் அலைவது துன்பம். பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சிதைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

தரையில் கிடக்கும் ஓர் ஓட்டுச்சில்லை நினைவுக்காக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. உள்ளே கருப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருக்கும் சில்லுகள் இங்கே நிறையக் கிடக்கும். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது, காற்றுப் புகாத உட்புறம் கறுத்துவிடுகிறது; காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கிறது. அந்தப் பளபளப்பும், சிவப்பும் கருப்பும் சந்திக்கும் விளிம்பும் அழகாகத்தான் இருக்கும். குனிந்து பாருங்கள், படம் எடுங்கள், அங்கேயே விடுங்கள். தரைமேல் எந்தப் பக்கம் எந்த வகைச் சில்லு அடர்த்தியாகக் கிடக்கிறது என்பதைக் கொண்டே அடுத்து எங்கே அகழ்வது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்கிறார்கள்.

பெர்லினுக்குப் போன பொருள்கள் திரும்பி வருமா?

சட்டத்தின் வழியாகக் கேட்பது கடினம். பண்பாட்டுச் சொத்துகளைச் சட்டவிரோதமாகக் கொண்டுசெல்வதைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் உருவானது. இந்தியா 1977இல் அதில் சேர்ந்தது. அதற்கு முன் போனவற்றுக்கு அது பொருந்தாது. இந்தியாவிலிருந்து தொல்பொருளை வெளியே கொண்டுபோவதைத் தடுக்கும் இன்றைய சட்டமும் 1972ஆம் ஆண்டினது. எனவே அரசுகளுக்கிடையிலான நல்லிணக்கப் பேச்சு ஒன்றே வழி. அதைக் கேட்பது நியாயம் என்பதே எங்கள் கருத்து. எல்லாப் பொருள்களின் படமும் விவரமும் தமிழில் எல்லோருக்கும் கிடைக்கும்படி செய்வது அதற்கு முன்பே முடியக்கூடிய காரியம். எழும்பூரில் உள்ள ரேயின் தொகுப்புக்கும் அது வேண்டும்.

நேரில் போய்ப் பார்க்கலாமா? என்ன பார்க்கக் கிடைக்கும்?

பார்க்கலாம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலைப் பேருந்தில் வரலாம். 2020ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில், இடத்திலேயே அருங்காட்சியகம் அமைக்கத் தேர்ந்த ஐந்து இடங்களில் ராக்கிகடி, அஸ்தினாபுரம், சிவசாகர், தோலாவிரா ஆகியவற்றோடு ஆதிச்சநல்லூரும் ஒன்று. 2023 ஆகஸ்ட் 5 அன்று இங்கே அகழாய்வுக் குழியின் மேலேயே கண்ணாடித் தளம் அமைத்துத் திறந்தார்கள். அதன்மேல் நின்று குனிந்தால், தாழிகள் கிடந்த கிடையிலேயே தெரியும்: மண்ணின் பாரத்தால் கழுத்து உடைந்து உள்ளே சரிந்த தாழி, அதன் தோளில் சாய்ந்திருக்கும் சிறு கலயம், ஓரத்தில் குடைந்த பாறையின் வெட்டுமுகம். எந்தக் கண்ணாடிப் பேழையும் இதைக் காட்டிவிட முடியாது.

நேரம் இருப்பவர்கள் கருங்குளம் வகுளகிரி வேங்கடாசலபதி கோயிலுக்கும் போய்வரலாம். மழை நாளில் பரம்பின்மேல் நடப்பதைத் தவிருங்கள். வேலிக்குள் வண்டியை ஏற்றாதீர்கள்.

எங்கள் ஊரில் கிணறு வெட்டும்போதோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ தாழி வந்தால் என்ன செய்வது?

தமிழ்நாட்டில் இது அரிதான நிகழ்ச்சி அன்று. முதல் வேலை, தோண்டுவதை நிறுத்துவது. பொக்லைன் ஓட்டுபவரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். தாழியை வெளியே தூக்க முயலாதீர்கள். பெரும்பாலும் அது ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கும், சுற்றியுள்ள மண்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். உள்ளே கைவிட்டு அள்ளவும் வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம். அடியில் உள்ள மண்ணில்தான் உமியும் கரியும் எலும்பும் இருக்கும். ஓர் அளவுகோலையோ பேனாவையோ பக்கத்தில் வைத்து, நான்கு புறமும் படம் எடுங்கள். தார்ப்பாயோ ஓலையோ போட்டு மூடுங்கள்.

பிறகு கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்து வடிவில் தெரிவியுங்கள். மாவட்டத்துக்குரிய தொல்லியல் அலுவலருக்கு அவர்கள் தகவல் அனுப்புவார்கள். விலைமதிப்புள்ள பொருள் ஏதேனும் கண்ணில் பட்டிருந்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்கு அறிவித்தே ஆக வேண்டும். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதற்கும் அது பொருந்தும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தாழி வந்ததாலேயே நிலம் பறிபோய்விடும் என்ற அச்சத்தில் இரவோடு இரவாக உடைத்து மூடிவிடுகிறார்கள். ஒரு தாழி வெளிப்பட்டதால் மட்டும் எந்த நிலமும் பாதுகாக்கப்பட்ட இடமாகிவிடாது. அதற்கு அரசு தனியே அறிவிக்கை வெளியிட வேண்டும், அதன்மேல் மறுப்புச் சொல்ல உரிமையாளருக்கு இரண்டு மாத அவகாசமும் உண்டு.